றிப்போர்ட் எல்லாம் நோர்மல், வயிறு மட்டும் வலிக்கிறது: ஏ.டி.எச்.டி. பிள்ளையை முதலில் எங்கே காட்டுவது?

மகனுக்கு ஏ.டி.எச்.டி. (கவனக் குறைவும் மிகைத் துடிப்பும்) என்று சொல்லி ஒன்றரை வருடம் ஆகிறது. இப்போது ஏழு வயது. அந்தப் பெயரைக் கேட்டவுடன் எல்லோருக்கும் துள்ளல், குழப்படி, பாடத்தில் கவனமின்மை என்றுதான் தோன்றும். எங்கள் வீட்டில் அதைவிடக் கூடுதலாகக் கேட்ட சொல் "வயிறு". பள்ளிக்கூட நாளில் வயிற்றுக்குத்து, பின்னேரம் தலையிடி, இரவில் கால் உளைவு. இரத்தம் பார்த்தோம், சலம் பார்த்தோம், ஸ்கானும் எடுத்தோம். எல்லாம் நோர்மல்.

வெள்ளவத்தையில் பள்ளிக்கூட வானுக்காக நிற்கும்போது பேச்சு வந்தால், இதே கதை இன்னும் இரண்டு மூன்று வீடுகளில் இருக்கிறது. கேள்வியும் ஒன்றுதான்: "அடுத்தது எங்க காட்டுறது?" ஒருவர் தனியார் ஆஸ்பத்திரியில் நல்ல டொக்டரைச் சனல் பண்ண, அதாவது காசு கட்டி நம்பர் எடுக்கச் சொல்வார். இன்னொருவர் பொரளைக்கு, அரச சிறுவர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல்வார். அம்மம்மா நாவூறு என்பார். அப்பா "நடிக்கிறான்" என்பார். நான் வைத்தியர் இல்லை. இந்த வழிகளில் பெரும்பாலானவற்றில் அலைந்து திரும்பிய அம்மா. எங்கே போவது என்பதைவிட எந்த வரிசையில் போவது என்பதுதான் கூடுதலாக விஷயம் என்று எனக்குப் பிந்தித்தான் விளங்கியது.

## காத்திருக்கக் கூடாதவை

ஒப்பிடுவதற்கு நேரமில்லாத வலிகளும் உண்டு. அவற்றை முதலில் பிரித்துவிட வேண்டும்.

கொழும்பில் காய்ச்சலோடு வயிற்றுவலி என்றால் டெங்குவை நினைக்காமல் இருக்க முடியாது. காய்ச்சல் இறங்கும் நேரத்தில் வயிற்றுவலியும் சத்தியும் கூடுவது எச்சரிக்கை அறிகுறி. அப்போது ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் போதும். ஐபுபுரோஃபன் போன்ற வலி மருந்துகளைக் கொடுக்கக் கூடாது.

தொப்புளைச் சுற்றி இருந்த வலி வலது கீழ்ப் பக்கத்துக்கு நகர்வது, பச்சை நிறத்தில் சத்தி, மலத்தில் இரத்தம், நித்திரையை உடைத்து எழுப்பும் வலி, நிறை குறைதல், மூட்டு வீக்கம், நொண்டி நடத்தல், காலையில் எழும்பும்போதே தலையிடியும் சத்தியும், நடையில் தடுமாற்றம், புதிதாக வந்த மாறுகண், அடங்காத தாகமும் அடிக்கடி சலம் போவதும். இவற்றில் ஒன்று இருந்தாலும் கொப்பியில் எழுதிப் பார்ப்பது, நாவூறு கழிப்பது எதற்கும் இடமில்லை, அன்றைக்கே காட்ட வேண்டும். ஆண் பிள்ளை திடீரென்று அடிவயிறு என்று அழுதால் விதைப்பையையும் பாருங்கள். விதை முறுக்கிக்கொண்டால் சில மணி நேரத்துக்குள் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும். பிள்ளைகளோ வெட்கத்தில் "வயிறு" என்று மட்டும்தான் சொல்வார்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்குக் காசு இல்லை.

இனி நான் எழுதுவதெல்லாம் மற்ற வலியைப் பற்றி. வரும், போகும், மாதக்கணக்கில் இழுக்கும், எந்த றிப்போர்ட்டிலும் அகப்படாத வலி.

## எதை வைத்து அளப்பது

ஒவ்வொரு வழியையும் நான் ஐந்து விஷயங்களை வைத்து எடைபோடுகிறேன். ஆபத்தான ஒன்று தவறிப்போகாமல் இருக்குமா? மாத்திரை, சாப்பாடு, மலம், நித்திரை, பள்ளிக்கூடம் ஆகியவற்றை ஒரே ஆள் சேர்த்துப் பார்ப்பாரா? காசு மட்டுமல்லாமல், லீவு, தவறும் பள்ளிக்கூட நாள், பிள்ளையின் பொறுமை எல்லாம் சேர்த்து எவ்வளவு செலவு? ஒரு மாதம் கழித்து அதே ஆளிடம் திரும்பிப் போகலாமா?

ஐந்தாவது மொழி. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பிள்ளை வீட்டில் "குத்துது" என்பான், "முறுக்குது" என்பான், "எரியுது", "பிசையுது", "அந்தரமாக் கிடக்கு" என்பான். ஒவ்வொன்றும் வேறு வேறு விஷயம். பசியில் பிசைவதும் மலச்சிக்கலில் முறுக்குவதும் பயத்தில் அந்தரமாக இருப்பதும் ஒன்றல்ல. வைத்தியருக்கு முன்னால் உட்கார்ந்து நான் என் அரைகுறைச் சிங்களத்தில் சொல்லும்போது இவ்வளவும் சேர்ந்து "பட ரிதெனவா" ஆகிவிடுகிறது. வயிறு வலிக்கிறது, அவ்வளவுதான். அதை மட்டும் வைத்து எவ்வளவு கெட்டிக்கார வைத்தியரும் ஊகித்துத்தான் பார்க்க வேண்டும்.

## வழி ஒன்று: இரண்டு வாரம் கொப்பியில் எழுதுவது

இதைச் சொன்னால் ஒன்றும் செய்யாமல் இருக்கச் சொல்கிறேன் என்று நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், அதனால்தான் இதைக் கடைசியில் செய்தேன். முதலில் செய்திருக்க வேண்டும்.

ஒரு நாற்பது பக்கக் கொப்பி போதும். வலி வந்த நேரம். "ஒரு விரலால தொட்டுக் காட்டு" என்றபோது தொட்ட இடம். அதற்கு முன் என்ன நடந்தது. கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டான். மாத்திரை எத்தனை மணிக்கு. மலம் போனானா, எப்படிப் போனான். இரவு எத்தனை மணிக்குத் தூங்கினான்.

பள்ளிக்கூடம் போகப் பஞ்சியில்தான் வயிறு வலிக்கிறது என்று நான் நம்பியிருந்தேன். கொப்பி வேறு கதை சொன்னது. வான் வரும் நேரத்தில் வலி இரண்டு நாள்தான் இருந்தது. மற்ற நாட்களில் இன்டர்வலுக்குக் கிட்ட, பத்தே முக்கால் மணியளவில். மிஸ்ஸிடம் கேட்டு உறுதிப்படுத்தினேன். சாப்பாட்டுப் பெட்டி திரும்பி வந்தபோது இடியப்பத்தில் இரண்டு வாய் குறைந்திருந்தது. தண்ணீர்ப் போத்தலைத் திறந்த அடையாளமே இல்லை. காலை ஆறரைக்கு அரை தம்ளர் பாலோடு மாத்திரை கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

அவன் எடுப்பது மெத்தில்பெனிடேட். பசியைக் குறைப்பதும், வயிற்றுவலியும் தலையிடியும் தருவதும், நித்திரையைத் தள்ளிப்போடுவதும் அந்த மருந்தின் அறியப்பட்ட பக்கவிளைவுகள். தொடங்கிய முதல் வாரங்களில் இவை கூடுதல். வயிற்றைக் குழப்பினால் சாப்பாட்டோடு அல்லது சாப்பாட்டுக்குப் பிறகு கொடுக்கச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. பகலில் பசியில்லை. மருந்தின் வேகம் இறங்கியதும் இரவு ஏழு மணிக்கு மூன்று பேரின் சாப்பாடு. வயிறு நிறைந்து நித்திரை பிந்தும். காலையில் பிந்தி எழும்பிச் சாப்பிடாமல் மாத்திரை. பத்தே முக்காலுக்கு வெறும் வயிறு பிசையும்.

கொப்பியின் மலப் பத்தி இன்னும் மோசம். மூன்று நான்கு நாளைக்கு ஒரு தடவை, ஆட்டுப் புழுக்கை போல. ஏ.டி.எச்.டி. பிள்ளைகளுக்கு மலச்சிக்கல் கூடுதல் என்பது வெறும் வாய்ப்பேச்சு அல்ல. அமெரிக்க இராணுவக் குடும்பங்களின் 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பதிவுகளை வைத்து 2013 இல் வெளியான ஆய்வில், ஏ.டி.எச்.டி. உள்ளவர்களிடம் மலச்சிக்கல் மற்றவர்களைவிட ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது. காரணம் ஊகிக்கக்கூடியதுதான். உடம்பு தரும் சைகையை விளையாட்டு நடுவில் கவனிக்கமாட்டான். கவனித்தாலும் இரண்டு நிமிடம் உட்காரமாட்டான். பள்ளிக்கூடக் கக்கூஸுக்குப் போகவே மாட்டான். இறுகிய மலம் நிறைந்து கிடக்கும்போது அதைச் சுற்றித் தண்ணீராகக் கசிந்து ஜங்கியில் கறை படும். அதை வயிற்றோட்டம் என்று நினைத்து மருந்து கொடுப்பவர்களும், குழப்படி என்று நினைத்து அடிப்பவர்களும் உண்டு. அந்த மூட்டை சலப்பையை அழுத்தினால் இரவில் பாய் நனையும். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து பத்து நிமிடம், காலுக்கு அடியில் ஒரு சின்ன ஸ்ரூல் வைத்து உட்காரப் பழக்குவது உதவும். ஆனால் ஏற்கனவே இறுகிவிட்டால் பப்பாசிப்பழத்தால் மட்டும் தீராது. மலமிளக்கியை எவ்வளவு, எத்தனை மாதம் என்று வைத்தியர்தான் சொல்ல வேண்டும்.

இரவுப் பத்தியில் நாங்கள் கண்டது கால் உளைவு. படுத்தவுடன் காலை உதறுவதும் அமத்திவிடச் சொல்வதும் இரும்புச்சத்துக் கையிருப்பு குறைந்த பிள்ளைகளில் வரலாம். பெரிட்டின் என்ற இரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று வைத்தியரைக் கேட்கலாம். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடிப்பது இரும்பு உடம்பில் சேர்வதைக் குறைக்கும். நம் வீடுகளில் பிள்ளைக்கும் ஒரு சின்னக் கோப்பை ஊற்றிவிடுகிறோமே! வாயைத் திறந்து குறட்டை விட்டால் தொண்டைச் சதையைப் பார்க்கச் சொல்லுங்கள். இரவில் மூச்சுத் தடைப்பட்டு நித்திரை கெடும் பிள்ளைக்கு காலையில் தலையிடியும் பகலில் ஏ.டி.எச்.டி. போன்ற துள்ளலும் வரும்.

இந்த வழிக்குக் காசு இல்லை, ஆனால் மறைந்த செலவு ஒன்று இருக்கிறது. 2006 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், தண்ணீர் நிறையக் குடிக்கவைத்து வயிற்றை அந்தரப்படுத்திய பிள்ளைகளோடு பெற்றோரை இருக்கவைத்தார்கள். வலியைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்த பெற்றோரின் பிள்ளைகளிடம் முறைப்பாடு ஏறக்குறைய இரட்டிப்பானது. வேறு கதைக்குத் திருப்பிய பெற்றோரின் பிள்ளைகளிடம் பாதியானது. வேடிக்கை என்னவென்றால், கதையைத் திருப்புவதுதான் பிள்ளைக்குக் கெடுதல் என்று தாய்மார் நினைத்தார்கள். ஆகவே எழுதுங்கள், ஆனால் மணிக்கொரு தடவை "இப்ப நோகுதா?" என்று கேட்காதீர்கள். கொப்பி பிள்ளையின் கண்ணில் படாமல் இருந்தால் இன்னும் நல்லது.

ஆபத்து அறிகுறி இல்லை, பிள்ளை வளர்கிறான், விளையாடுகிறான் என்றால் இதுதான் முதல் வழி. மாத்திரை தொடங்கிய அல்லது அளவு மாற்றிய வாரங்களில் வந்த வலி என்றால் எழுதிக்கொண்டே மாத்திரை எழுதித்தந்தவரிடமும் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம். ஏ.டி.எச்.டி.க்குக் கொடுக்கும் குளோனிடின் போன்ற மருந்தைத் திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் ஏறிவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் எழுதிக்கொண்டே இருப்பதும் ஒரு வகை ஒத்திப்போடல்தான்.

## வழி இரண்டு: ஒழுங்கையில் இருக்கும் குடும்ப வைத்தியர்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் பின்னேரம் லைட் போடும் டிஸ்பென்சரிகள். பிளாஸ்டிக் கதிரை, சுவரில் கலண்டர், தமிழில் பேசும் டொக்டர். இவர் பிள்ளையின் அப்பாவுக்கும் மருந்து கொடுத்தவர், அப்பாவுக்குத் தலையிடி வருவதும் அறிந்தவர். ஒற்றைத்தலைவலி குடும்பங்களில் ஓடுவது, ஆகவே இது சின்ன விஷயமல்ல. வயிற்றைக் கையால் அமத்திப் பார்ப்பார், நிறையும் உயரமும் எடுப்பார். பிறந்ததிலிருந்து வைத்திருக்கும் வளர்ச்சிப் புத்தகத்தைக் கொண்டுபோங்கள். அதிலுள்ள கோடு தட்டையாகிறதா என்பது பல ஸ்கான்களைவிடக் கூடுதலாகச் சொல்லும்.

குறை இல்லாமல் இல்லை. ஏ.டி.எச்.டி. மருந்துகளோடு எல்லோருக்கும் பழக்கம் கிடையாது. "ஆம்பிளைப் பிள்ளை அப்பிடித்தான், வளர்ந்தா சரியாயிடும்" என்பவர்களும் உண்டு. மறைந்த செலவு, பெயர் எழுதாத சின்னக் கடதாசிப் பைக்கற்றுகளில் வரும் மாத்திரைகள். என்ன கொடுத்தார் என்று தெரியாவிட்டால் அடுத்த வைத்தியருக்கும் தெரியாது. பெயரை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள், கோபிக்கமாட்டார்கள். ஏற்கனவே எடுக்கும் மாத்திரையின் பெட்டியையும் மேசையில் வையுங்கள். சளி மருந்துகள் சில பிள்ளையைத் தூங்கவைக்கும், சில துள்ளவைக்கும்.

மொழியிலும் தொடர்ச்சியிலும் இவருக்கு நிகர் யாருமில்லை. பெரும்பாலான வீடுகளுக்குக் கொப்பிக்குப் பிறகு முதல் வாசல் இதுவாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். மேலே அனுப்ப வேண்டியிருந்தால் அவர் எழுதும் துண்டு, நாம் வாயால் சொல்வதைவிடப் பெறுமதி.

## வழி மூன்று: தனியார் ஆஸ்பத்திரியில் சனல் பண்ணுவது

நாங்கள் முதலில் போனது இங்கேதான். நம்பர் 23. ஏழு மணிக்கென்று போய் ஒன்பதே காலுக்கு உள்ளே போனோம். அதற்குள் மகன் கதிரை வரிசையின் அடியில் இரண்டு தரம் தவழ்ந்து, தண்ணீர் வைக்கும் இயந்திரத்தின் கோப்பைகளை எல்லாம் இழுத்துவிட்டிருந்தான். உள்ளே ஆறு நிமிடம். நான் "பட ரிதெனவா" என்றேன். ஸ்கான் எழுதித் தந்தார்.

ஸ்கானில் வயிற்றுக்குள் சின்னச் சின்ன நிணநீர்க் கணுக்கள் என்று வந்தது. ஆரோக்கியமான பிள்ளைகளிலும் அப்படி அடிக்கடி காணப்படும் என்று பிறகுதான் தெரிந்தது. அது தெரியும்வரை மூன்று இரவு நான் தூங்கவில்லை. டொக்டரின் பிழை இல்லை. அவருக்கு நான் கொடுத்தது இரண்டு சொல்.

சனலின் பலம் வேகம். இந்த வாரமே நிபுணர், இன்றைக்கே இரத்தம், நாளைக்கு றிப்போர்ட். நிறை ஏறவில்லை, பிள்ளை வெளிறிப்போய் இருக்கிறான், குடும்ப வைத்தியருக்கு ஏதோ சந்தேகம் என்றால் அந்த வேகத்துக்குச் சில ஆயிரம் ரூபாய் கொடுப்பது சரி. ஆனால் செலவு பில்லோடு முடிவதில்லை. ஒவ்வொரு நோர்மல் றிப்போர்ட்டுக்கும் பிறகு பெரியவர்கள் "ஒண்டும் இல்லையாம்" என்கிறோம். பிள்ளைக்கு அது "நீ பொய் சொல்றாய்" என்று கேட்கிறது. ஒரு டொக்டரிடம் விடை கிடைக்காவிட்டால் அடுத்தவர், அவர் முதலிலிருந்து இரத்தம்.

உண்மையில் குழந்தை வைத்தியத்தில் இந்த வகை வயிற்றுவலி "ஒன்றும் இல்லை" அல்ல, அதற்குச் செயற்பாட்டு வயிற்றுவலி (functional abdominal pain) என்று பெயரும், இலக்கணமும் உண்டு. 2016 இல் வந்த ரோம் 4 என்ற சர்வதேச வரையறையின்படி மாதத்தில் நான்கு தடவையாவது, இரண்டு மாதமாவது வந்து, தகுந்த பரிசோதனைக்குப் பிறகு வேறு நோயால் விளக்க முடியாத வலி இது. குடலுக்கும் மூளைக்கும் இடையிலான நரம்புப் பேச்சு கூர்மையாகிவிடுகிறது, சாதாரண அசைவும் வலியாகத் தெரிகிறது. இலங்கைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளிலேயே இதை ஆராய்ந்து எழுதியவர்கள் ஷாமன் ராஜிந்திரஜித்தும் நிரங்கா மஞ்சுரி தேவநாராயணவும். ஆகவே இது வெள்ளைக்காரப் பிள்ளைகளின் வருத்தம் என்று ஒதுக்க முடியாது.

சனல் பண்ணினால் ஸ்கானுக்குச் சம்மதிக்கும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: "றிப்போர்ட் எப்படி வந்தாலும் வைத்தியம் மாறுமா, டொக்டர்?" மாறும் என்றால் எடுக்கலாம்.

## வழி நான்கு: பொரளை

சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவர்கள் இரண்டு வகை. ஒரு வகையினர் கும்பிடுகிறார்கள், மறு வகையினர் அந்த வரிசையை நினைத்துத் தலையில் கை வைக்கிறார்கள். இரண்டும் நியாயம். காசு இல்லை. உடம்பைப் பார்ப்பவரும் மனத்தைப் பார்ப்பவரும் ஒரே வளவுக்குள். கிளினிக் கொப்பி ஒன்று போட்டுவிட்டால் அடுத்த திகதி அதிலேயே இருக்கும். கை விட்டுப் போகாத தொடர்ச்சி அது, ஆள் மாறினாலும் எழுத்து இருக்கும்.

செலவு நேரத்தில். ஒரு பகல் முழுவதும் போய்விடும். காத்திருக்க முடியாமைதான் அவனுடைய வருத்தமே, அவனைக் காத்திருக்கவைப்பது இரட்டைத் தண்டனை. முடிந்தால் இரண்டு பெரியவர்கள் போங்கள், ஒருவர் நம்பரோடு உட்கார, மற்றவர் பிள்ளையோடு நடக்க. சாப்பாடும் மாத்திரையும் கையில் இருக்கட்டும்.

மொழியைப் பொறுத்தவரை, 1987 இன் 13ஆம் திருத்தத்திலிருந்து தமிழும் அரச கரும மொழி. கவுண்டரில் அது நடைமுறையாவது அன்றைக்கு யார் கடமையில் என்பதைப் பொறுத்தது. தமிழ் தெரிந்த தாதியோ டொக்டரோ இருக்கிறார்களா என்று கேட்க வெட்கப்பட வேண்டாம். கேட்டவர்களுக்குக் கிடைத்திருக்கிறது.

ஏற்கனவே அங்கே ஏ.டி.எச்.டி. கிளினிக் இருந்தால் வயிற்றுவலியையும் அங்கேயே சொல்லுங்கள், வேறு இடத்துக்கு ஓட வேண்டாம். மருந்துச் செலவை மாதாமாதம் தாங்க முடியாத வீட்டுக்கும், பேச்சு, படிப்பு, வலி என்று சிக்கல் பலவாக இருக்கும் பிள்ளைக்கும் இதுதான் வழி. வத்தளை, மட்டக்குளி பக்கம் இருப்பவர்கள், வளர்ச்சிச் சிக்கலும் சேர்ந்திருந்தால், ராகமையில் களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தோடு இணைந்த அயாத்தி நிலையத்தையும் விசாரிக்கலாம்.

## வழி ஐந்து: மனத்தின் பக்கத்திலிருந்து

சிறுவர் மனநல வைத்தியர், உளவியலாளர், பெற்றோருக்கான நடத்தைப் பயிற்சி. "விசர் டொக்டரிட்டயா?" என்று கேட்கப் போகும் சொந்தக்காரர்தான் இந்த வாசலில் முதல் தடை. ஆனால் ஆறு வயதுக்குக் குறைந்த ஏ.டி.எச்.டி. பிள்ளைகளுக்கு மாத்திரைக்கு முன் பெற்றோர் பயிற்சி என்பது அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கத்தின் 2019 வழிகாட்டல். விளக்கம் அகப்படாத வயிற்றுவலிக்கும் பிள்ளையின் எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் சிகிச்சைகள் பலன் தருகின்றன.

ஏ.டி.எச்.டி. பிள்ளைகள் பலருக்குப் பதற்றமும் கூட இருக்கும். ஒரு நாளைக்கு எத்தனை தரம் "இரு", "எழும்பாதே", "உன்னால முடியாதா" என்று கேட்கிறார்கள் என்று எண்ணிப்பாருங்கள். கொப்பியில் வலி வந்த நாட்களைப் பள்ளிக்கூட நேரசூசியின் பக்கத்தில் வையுங்கள். ஒரே பாடம், ஒரே வகுப்பு, ஒரே வான் என்று பொருந்தினால் வயிற்றை விட்டுவிட்டு அங்கே பாருங்கள். பிரம்பு, கேலி, அல்லது பிள்ளை சொல்லத் தெரியாத வேறு ஏதாவது. துன்புறுத்தல் என்று சந்தேகம் வந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929.

பெண் பிள்ளைகளுக்கு இந்த வழி இன்னும் முக்கியம். ஓடித் திரியாமல் யன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி. என்று யாரும் நினைப்பதில்லை. அவள் வருடக்கணக்கில் "அடிக்கடி வயிறு நோகிற பிள்ளை" ஆகவே இருந்துவிடுவாள்.

மறைந்த செலவுகள் இரண்டு. தனியாரில் வாராவாரம் கட்டணம், அதோடு தமிழில் பிள்ளையோடு பேசக்கூடியவர்கள் குறைவு. மற்றது கொஞ்சம் ஆபத்தானது. ஏ.டி.எச்.டி., பதற்றம் என்ற சொற்கள் துண்டில் ஏறிவிட்டால், பிறகு உண்மையான அப்பெண்டிக்ஸும் "இவன் எப்பவும் அப்படித்தான்" ஆகிவிடும். பழைய வலி எப்படி என்று கொப்பியில் இருந்தால், "இது அது இல்லை" என்று துணிந்து சொல்லலாம்.

## நாவூறும் பரியாரியாரும்

உப்பும் செத்தல் மிளகாயும் சுற்றிப்போடுவதில் யாருக்கும் கெடுதல் இல்லை. அம்மம்மாவின் மடியில் பத்து நிமிடம் அசையாமல் இருக்கிறானே, அதுவே பெரிய விஷயம். நூலும் கட்டட்டும். வாய்வழியாகப் போவதில்தான் நான் கடுமை. பரியாரியார் (நாட்டு வைத்தியர்) தரும், உலோகம் சேர்த்த செந்தூரம், பற்பம் போன்ற சில மருந்துகளில் ஈயம் கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. ஈயம் பிள்ளையின் மூளையையும் கவனத்தையும் கெடுப்பது, வயிற்றுவலியையும் மலச்சிக்கலையும் தருவது. எதைத் தீர்க்கப் போனோமோ அதுவே. பேதிக்குக் கொடுத்து "வயிற்றைக் கழுவுவதும்" வேண்டாம்.

## ஒரே பார்வையில்

| வழி | காசு | மறைந்த செலவு | தமிழில் பேசலாமா | எப்போது நல்லது |
|---|---|---|---|---|
| கொப்பி, இரண்டு வாரம் | இல்லை | கேட்டுக் கேட்டு வலியை வளர்ப்பது | ஆம் | ஆபத்து அறிகுறி இல்லாத, வளரும் பிள்ளை |
| குடும்ப வைத்தியர் | குறைவு | பெயர் தெரியாத மாத்திரை | பெரும்பாலும் | அநேக வீடுகளுக்கு முதல் வாசல் |
| சனல் | சில ஆயிரம், பரிசோதனை தனி | தேவையற்ற ஸ்கான், வைத்தியர் மாறிக்கொண்டிருத்தல் | அதிர்ஷ்டம் | நிறை ஏறாதபோது, துண்டோடு |
| பொரளை | இல்லை | ஒரு பகல், லீவு | கேட்டால் கிடைக்கலாம் | சிக்கல் பல, நீண்ட காலச் சிகிச்சை |
| மனநலம், நடத்தை | அரசில் இல்லை, தனியாரில் தொடர் செலவு | எல்லா வலியும் மனம் என்று முத்திரை | தேட வேண்டும் | நேரசூசியோடு பொருந்தும் வலி, பதற்றம் |

## எங்கள் துண்டு

கொப்பியை அப்படியே டொக்டரிடம் நீட்டினால் யாரும் வாசிக்கமாட்டார்கள். ஒரு பக்கத்துக்குச் சுருக்க வேண்டும். குடும்ப வைத்தியரிடம் நாங்கள் கொடுத்தது இது:

"வயது 7. ஏ.டி.எச்.டி. மெத்தில்பெனிடேட் எட்டு மாதமாக, காலை 6.30. நிறை 21 கிலோ, ஆறு மாதமாக அதே. 14 நாளில் 9 நாள் வயிற்றுவலி, ஏழு தரம் 10.30க்கும் 11க்கும் இடையில், தொப்புளுக்கு மேல். சனி, ஞாயிறு இல்லை (மாத்திரை உண்டு, காலைச் சாப்பாடும் உண்டு). மலம் 14 நாளில் 4 தரம், இறுக்கம். கால் உளைவு 6 இரவு. காய்ச்சல், சத்தி, இரத்தம் இல்லை. இரவில் வலி எழுப்பியதில்லை."

சனி, ஞாயிறு வரியை எழுதும்போதுதான் எனக்கே பொறி தட்டியது. டொக்டர் நிறையின் கீழ் ஒரு கோடு, மலத்தின் கீழ் ஒரு கோடு போட்டார். மாத்திரை நேரம் பற்றி, அதை எழுதித்தந்த வைத்தியருக்கு ஒரு கடிதம் எழுதினார். மலமிளக்கி தந்தார், பெரிட்டின் பார்க்கச் சொன்னார். இப்போது காலையில் இடியப்பமோ பாணோ முதலில், மாத்திரை பிறகு. வலி முழுதாகப் போகவில்லை. வாரத்தில் நான்கைந்து நாளாக இருந்தது ஒரு நாளாகியிருக்கிறது.

அன்றைக்கு டொக்டர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கதிரையில் சுற்றிக்கொண்டிருந்தவனைப் பிடித்து நிறுத்தாமலே, "தம்பி, பள்ளிக்கூடம் போற நாளில காலமை என்ன சாப்பிடுறனீர்?" என்றார். அவன் சுற்றுவதை நிறுத்தாமல் சொன்னான்: "ஒண்டும் இல்ல."